வண்டியைத் தூக்குவதற்கு முன்னால் அடியில் படுத்துப் பாருங்கள்

இந்த மாதமும் ஒரு பழைய டாடா சஃபாரி கார், லாரியில் ஏறித்தான் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. தருமபுரி பக்கத்து வத்தல்மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லையாம். ஓட்டிய தம்பி பதறாமல் மலைப்பக்க மண்ணில் ஒதுக்கி நிறுத்திவிட்டார், யாருக்கும் அடியில்லை. கீழே படுத்துப் பார்த்தால் நான் நினைத்ததேதான். நான்கு பக்கமும் ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் என்கிற கட்டை வைத்துப் பாடியைத் தூக்கியிருக்கிறார்கள், பெரிய டயர் மாட்டியிருக்கிறார்கள், பிரேக் ஆயில் போகிற ஹோஸ் மட்டும் அதே பழசு, விறைத்து இழுபட்டு நிற்கிறது. கூரையில் வைத்த லைட்டுக்குச் செலவழித்ததில் ஒரு பகுதி போதும், பிரேக் வேலையை முழுதாக முடித்திருக்கலாம்.

நம் பக்கம் மலைக்குப் பஞ்சமில்லை, பழைய சுமோ, சஃபாரி, ஸ்கார்ப்பியோ, பொலேரோ எல்லாம் கைக்கு அடங்குகிற விலையில் கிடைக்கின்றன. ஆசைப்படுவதில் தப்பே இல்லை. எனக்கும் இந்த வண்டிகள் மேல் பிரியம்தான், நல்ல சேஸிஸ், பெரும்பாலான வேலையை எந்த ஊரிலும் செய்துகொள்ளலாம். ஆனால் வாங்கிய மறுநாளே "அண்ணே, ரெண்டு இன்ச் தூக்கிக் கொடுங்க, கல்லு இடிக்கக் கூடாது" என்று வந்து நிற்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

தம்பி, தூக்கினாலும் கல் இடிக்கும். இந்த வண்டிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது முழு ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரத்தையும் சேர்க்கிற ஒரே அச்சு, அதன் நடுவில் பல்சக்கரம் இருக்கும் கிரவுன் ஹவுசிங் குடம் மாதிரி கீழே தொங்குகிறது. ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் வைத்தாலும் சரி, பட்டை ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு சேர்க்கிற ஷாக்கிளை நீளமாகப் போட்டாலும் சரி, உயர்வது பாடியும் சேஸிஸும்தான். ஆக்ஸில் சக்கரத்தோடு இருக்கிறது, அது முன்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில்தான் இப்போதும் இருக்கும். முன் பம்பர் மேட்டில் முட்டுவது குறையும், நடுவயிறு தட்டுவது குறையும், அது உண்மை. ஆனால் தடத்தின் நடுவில் கிடக்கிற கல் போய் மோதுவது கிரவுன் ஹவுசிங்கில், அதை டயர் மட்டும்தான் உயர்த்தும்.

டயர் கணக்கையும் பார்த்துவிடலாம். 215/75 ஆர்15 டயரின் மொத்த உயரம் சுமார் 704 மில்லிமீட்டர். அதைக் கழற்றிவிட்டு 31 அங்குல டயர் போட்டால் 787. கூடியது 83, ஆக்ஸிலுக்குக் கிடைப்பது அதில் பாதி, ஏறக்குறைய 42 மில்லிமீட்டர். இந்த 42-க்காக என்ன கொடுக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. டயர் 12 சதவீதம் பெரிதாகிவிட்டது, அதனால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 67-ல் போகிறது, ஏற்றத்தில் கிளட்சை அரைத்துத்தான் முதல் கியரில் கிளம்பும், இறக்கத்தில் அதே பழைய டிரம்மும் டிஸ்க்கும் பெரிய சக்கரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். தொப்பூர் கணவாயில் பிரேக் சூடேறினால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிரேக்கில் இன்னொன்று இருக்கிறது, தூக்கிக் கொடுக்கிற பல பேருக்கே இது தெரியாது. இந்த வயது வண்டிகள் பலவற்றில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு லோடு சென்சிங் வால்வு இருக்கும். பாரம் ஏறி பாடி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும். நீங்கள் பாடியை நிரந்தரமாக உயர்த்தி வைத்துவிட்டால் ஏழு பேர் உட்கார்ந்திருந்தாலும் வண்டி காலி என்றே அந்த வால்வு வேலை செய்யும். அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் வண்டியைக் கொடுக்கிறவரிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

முன்னால் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குக் கம்பி, அதாவது டார்ஷன் பார், உள்ள வண்டியில் போல்ட்டை முறுக்கிவிட்டால் முன்பக்கம் ஏறிவிடும், செலவே இல்லை. ஆனால் சக்கரம் கீழே இறங்க இடமே இருக்காது, பள்ளத்தில் டயர் அந்தரத்தில் நிற்கும், சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயிண்ட் கோணலாகி சீக்கிரம் தேயும். பின்னால் சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்டின் சாய்வு கூடி, அதன் மூட்டான கிராஸ் அடிவாங்கும், 60 தாண்டினால் ஒரு நடுக்கம் வரும். அதற்கு வீல் பேலன்சிங் செய்து செய்து அலைவார்கள்.

சரி, என்னதான் செய்வது? முதல் பணம் பழுதுக்கு. சேஸிஸை, அதிலும் பின்பக்க வளைவையும் ஸ்பிரிங் உட்காரும் இடத்தையும், சுத்தியால் தட்டித் துருவைப் பாருங்கள். மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் மாற்றுங்கள், பழைய வண்டியில் பாதி ஆட்டம் அதிலேயே போய்விடும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், மாற்றி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மலைக்குப் போகும் முன் மாற்றியே ஆக வேண்டும். ரேடியேட்டர், ஹோஸ், கிளட்ச் மூன்றையும் பாருங்கள். அப்புறம் கம்பெனி சொன்ன அளவிலேயே தாருக்கும் மண்ணுக்கும் ஒத்துவரும் நல்ல ஆல் டெரெய்ன் டயர், கிரவுனுக்கும் டீசல் டேங்குக்கும் அடியில் கெட்டித் தகடு, ஒரு சின்னக் காற்று கம்ப்ரஸர். கல் தடத்தில் 32 பி.எஸ்.ஐ. இருக்கும் டயர் காற்றை 24-க்கு இறக்கி மெதுவாகப் போய்ப் பாருங்கள், தூக்கிய வண்டி தராத பிடிப்பு கிடைக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏற்றிவிட வேண்டும், மறக்கக் கூடாது. பின்சக்கர இழுவை மட்டும் உள்ள வண்டி எவ்வளவு உயர்த்தினாலும் ஃபோர் வீல் ஆகாது, ஈரக் களிமண்ணைக் கண்டால் திரும்பிவிடுங்கள்.

இன்ஜினுக்குக் காற்றை மேலிருந்து எடுக்கும் ஸ்நார்க்கெல் குழாயை மாட்டியதும் ஆற்றில் இறக்குகிறவர்களுக்கு ஒன்று. சூடான ஆக்ஸில் தண்ணீரில் முங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி பிரீதர் என்கிற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை இழுக்கும், ஆயில் வெளுத்துப் பேரிங் போய்விடும். பிரீதருக்குக் குழாய் வைத்து மேலே ஏற்றுவது சின்ன வேலை, அதை முதலில் செய்யுங்கள். தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால் செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

சிக்கிய வண்டியை, டிரெய்லர் மாட்டுகிற இரும்புக் குண்டில் கயிறு மாட்டி இழுக்காதீர்கள், அது பிய்த்துக்கொண்டு பறந்தால் ஆள் உயிர் போகும். சேஸிஸில் உள்ள கொக்கியில் மாட்டுங்கள், கயிற்றின் மேல் நனைத்த சாக்கைப் போடுங்கள், வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளைத் தூரமாக அனுப்புங்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, அதை ஒட்டி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, இரண்டும் கம்பெனியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கின்றன. அதே ஆண்டுத் திருத்தப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். முன்னால் போடும் கம்பித் தடுப்பை அகற்றச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இதையெல்லாம்தான்.

அப்புறம் கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டி, உரிகம் பக்கம் தடம் தேடிப் போகிற தம்பிகளே, அங்கே காவிரி வடக்கு, தெற்கு என இரண்டு வனவிலங்கு சரணாலயங்கள் இருக்கின்றன, தெற்கு 2022-ல் அறிவித்தது. அனுமதியில்லாமல் உள்ளே வண்டி விடுவது 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அது யானை நடமாடும் காடு. பட்டா நிலத்தில் கேட்டு ஓட்டுங்கள், மலைக்கிராமத்துச் சாலையில் ஓட்டுங்கள்.

போய்வந்த மறுநாள் அடிப்பக்கச் சேற்றைக் கழுவி, வீல் நட்டுகளை இறுக்கி, கிராஸுக்கு கிரீஸ் அடித்து, கிரவுன் ஆயிலைத் திறந்து பாருங்கள். வெளுத்திருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள், அடுத்த ஞாயிறுவரை தள்ளிப் போடாதீர்கள்.