பார்சலில் வரும் உயிர்: கன்றும் மண்புழுவும் பொறிவண்டும் வாங்கும் முன்

சிறு நர்சரிகளில் ஆர்டர் போடுகிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள், அடுத்து கூரியர் செலவை. எந்தக் கிழமை அனுப்புவீர்கள் என்று கேட்பவர் குறைவு. உயிரோடு வர வேண்டிய பொருளுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும். திங்கள், செவ்வாயில் கிளம்பிய பார்சல் பெரும்பாலும் அந்த வாரத்துக்குள் கைக்கு வந்துவிடும். வெள்ளி மாலை புக் செய்தது, ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு குடோனின் தகரக் கூரைக்கடியில் கிடக்கும். சித்திரை வெயிலில் அந்த ஒரு நாளிலேயே செடி வெந்துவிடும். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் ஆர்டரே வேண்டாம். பண்டிகைப் பார்சல்களுக்கு நடுவில் செடியை யாரும் தனியாக எடுத்துவைக்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயில் பயம் இல்லை, ஆனால் அட்டைப்பெட்டி நனைந்து நசுங்கும். ஆடி, ஆவணியும் தை, மாசியும்தான் தமிழ்நாட்டுச் சமவெளிக்குத் தோதான மாதங்கள்.

பெட்டி ஏன் இவ்வளவு சின்னதாக வருகிறது என்பது பலரின் மனக்குறை. கூரியரில் எடைக்கு மட்டுமல்ல, பெட்டி அடைக்கும் இடத்துக்கும் காசு. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான கணக்கு. 60 × 20 × 20 பெட்டிக்கு 4.8 கிலோ வரும். உள்ளே ஒன்றரைக் கிலோ செடிதான் இருந்தாலும் பில் 4.8-க்குத்தான். நர்சரிக்காரர் நுனியை வெட்டுவதும் மண்ணைக் குறைப்பதும் இதனால்தான்.

நுனியை வெட்டினால் கோபப்படாதீர்கள். செம்பருத்தி, குரோட்டன்ஸ் போன்றவற்றில் இலையைக் குறைத்து அனுப்புவதுதான் சரி. இருட்டுப் பெட்டிக்குள் வேர் தண்ணீர் எடுக்காது, இலை மட்டும் இழந்துகொண்டிருக்கும். மண் விஷயம் வேறு. அடீனியம், கள்ளி வகைகளை மண்ணே இல்லாமல், வேரை இரண்டு நாள் உலர்த்திக் காகிதத்தில் சுற்றி அனுப்பலாம். ஈரத்தோடு கட்டினால்தான் அவை அழுகும். மா, சப்போட்டா, எலுமிச்சைக் கன்றுகளை அப்படி அனுப்பக் கூடாது. வேரைச் சுற்றியுள்ள தாய்மண் கட்டி உடைந்தால் நுனிவேர் அறுந்துபோகும். இலை நாலு நாள் பச்சையாக இருந்து ஏமாற்றிவிட்டு ஐந்தாம் நாள் தொங்கும். பாலித்தீன் கவரோடு, மண்ணின் மேல்பக்கத்தை டேப் போட்டு இறுக்கி, ஈரம் கசியாமல் கட்டியிருந்தால் அது தொழில் தெரிந்தவர் கட்டியது.

ஒட்டுக்கன்று வாங்கினால், ஒட்டிய இடம் தெளிவாகத் தெரியும் படத்தைக் கேட்டு வாங்குங்கள். தண்டில் மண்ணுக்கு மேலே ஒரு முடிச்சோ, சாய்வான தழும்போ, சில சமயம் சுற்றிய பிளாஸ்டிக் நாடாவோ இருக்கும். கீழிருந்து மேல்வரை ஒரே சீராக வழுவழுவென்று ஓடும் தண்டு விதைக்கன்றாகத்தான் இருக்கும். இதைவிட நுட்பமான ஏமாற்றம் ஒன்று உண்டு, அதில் விற்றவர் மேல் தவறில்லை. பயணத்தில் மேல்பாகம் காய்ந்துவிடும், கீழே வேர்ச்செடி உயிரோடிருக்கும். மூன்று வாரம் கழித்து ஒட்டுக்குக் கீழிருந்து ஒரு துளிர் வரும். ‘பிழைத்துவிட்டது’ என்று சந்தோஷமாக வளர்ப்பார்கள். வளர்வது இமாம்பசந்த் அல்ல, அதைத் தாங்க வைத்திருந்த ஏதோ ஒரு நாட்டு மாங்கொட்டை. ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை அன்றன்றே கிள்ளிவிட வேண்டும். நடும்போது ஒட்டு மண்ணுக்குள் புதையக் கூடாது.

பார்சலைப் பிரிக்கும்போது இடையில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். செடி உடைந்திருந்தால் நர்சரிக்காரர் கூரியரிடம் பேச அதுதான் ஆதாரம். பிறகு செடியை நேரே மொட்டைமாடி வெயிலில் வைக்காமல் ஐந்தாறு நாள் நிழலில் வையுங்கள். மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். பழுத்த இலைகள் உதிரும், பயப்பட வேண்டாம். புதுத்துளிர் வரும்வரை உரம் கிடையாது. பார்சலில் பிழைத்து வந்த கன்று, வந்த அன்றே ஒரு கைப்பிடி டிஏபி போட்டதால் செத்துப்போவது சாதாரணமாக நடக்கிறது.

மண்புழுவுக்கு வருவோம். விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் ஆப்பிரிக்க யூட்ரிலஸ், ஐசீனியா ஃபெட்டிடா என்ற இரண்டு வகைகள். இவை மட்கும் குப்பையில் வாழ்பவை. வெறும் செம்மண் தொட்டியில் விட்டால் இரை இல்லாமல் மெலிந்து சாகும். கிலோவுக்குச் சுமார் 1000 புழு என்பது நடைமுறைக் கணக்கு. ஒரு மீட்டர் நீள அகலமுள்ள தொட்டிக்கு ஒரு கிலோ போதும், மாடியில் ஒரு பக்கெட்டுக்குக் கால் கிலோ தாராளம். கேட்க வேண்டியது ஒன்றுதான்: கிலோ என்பது புழு மட்டுமா, சாணத்தோடு சேர்த்தா? இரண்டுக்கும் விலை வெகுவாக மாறும்.

புழு மூச்சுவிடுவது ஈரத்தோல் வழியாக. காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவரில் கட்டினால் மூச்சுமுட்டிச் சாகும். செத்த புழு சில மணி நேரத்திலேயே கரைந்து நாற ஆரம்பித்து மற்றதையும் கொல்லும். பாதி மட்கிய சாணத்தோடு துணிப்பையில் கட்டி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வர வேண்டும். சிலர் வம்பு வேண்டாமென்று பெட்டிமேல் ‘உரம்’ என்று எழுதி அனுப்புகிறார்கள். உரமென்று நினைத்து அதன் மேல் இருபது கிலோ மூட்டையை ஏற்றிவிடுவார்கள். உயிர் இருப்பதை எழுத முடியாத கூரியரில் உயிரை அனுப்பாமல் இருப்பதே நல்லது. நாடுகளின் தபால் துறைகளை இணைக்கும் உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிகள் உயிர்ப்பிராணிகளைத் தபாலில் அனுப்பத் தடை விதித்தாலும், தேனீ, அட்டைப்பூச்சி, பட்டுப்புழுவுக்குத் தனியாக விலக்கு கொடுத்திருக்கின்றன. மண்புழுவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

புழு வருமுன் படுக்கை தயாராக இருக்க வேண்டும். புதுச் சாணம் சூடேறும், ஆகவே 15, 20 நாள் ஆறப்போட்ட சாணம்தான். கோகோபீட் போட்டால் நன்றாக அலசிப் போடுங்கள், அலசாததில் உப்பு இருக்கும். பையை அவிழ்த்துப் படுக்கையின் மேல் வெளிச்சத்தில் கொட்டுங்கள், கிளற வேண்டாம். உயிருள்ளவை வெளிச்சம் பிடிக்காமல் அரை மணிக்குள் உள்ளே இறங்கிவிடும். மேலேயே கிடப்பவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு, ஈரச் சாக்கால் மூடலாம். பை நாறினாலும் சாணத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய, எலுமிச்சை வடிவக் கூடுகள் இருக்கும். அவை முட்டைகள். மூன்று, நான்கு வாரத்தில் நூல் போன்ற குஞ்சுகள் வெளிவரும்.

நன்மை செய்யும் பூச்சிகளில் நேரக் கணக்கு இன்னும் கறார். டிரைக்கோகிரம்மா என்பது பயிரைத் தின்னும் பூச்சிகளின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அவற்றை அழிக்கும் மிகச் சின்னக் குளவி. அதன் அட்டை என்பது அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளை ஒட்டிய ஒரு காகிதம்; முட்டைக்குள்ளே குளவிகள் வளர்ந்துகொண்டிருக்கும். ஒட்டுண்ணி ஏறிய முட்டை கறுப்பாக இருக்கும். குளவி எந்தத் தேதியில் வெளிவரும் என்று அட்டையில் எழுதியிருப்பார்கள். அதற்கு இரண்டு நாளாவது முன்னால் கையில் இல்லையென்றால் வாங்குவது வீண். வந்ததும் லென்ஸில் பாருங்கள். கறுப்பு முட்டையில் வட்ட ஓட்டை தெரிந்தால் குளவி வழியிலேயே பறந்துவிட்டது. சரியாக இருந்தால் துண்டுகளாக வெட்டி, மாலையில் இலையின் அடிப்பக்கத்தில் குண்டூசியால் குத்திவையுங்கள். மேலே வைத்தால் வெயிலும் எறும்பும் தீர்த்துவிடும்.

மாவுப்பூச்சிக்குக் கிரிப்டோலேமஸ் பொறிவண்டு. 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. செடிக்கு ஐந்து முதல் பத்து வண்டு விடலாம், ஆனால் செடியில் மாவுப்பூச்சி இருந்தால்தான்; இரை இல்லாவிட்டால் பறந்துபோகும். மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும் எறும்பை முதலில் ஒழிக்க வேண்டும். பூச்சிமருந்து அடித்து இரண்டு, மூன்று வாரமாவது ஆகியிருக்க வேண்டும். அடுத்து நடப்பதுதான் வேடிக்கை: இந்த வண்டின் புழு, உடம்பெல்லாம் வெள்ளை மெழுகோடு, பெரிய மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். காசு கொடுத்து வாங்கியவரே பிரஷ்ஷால் தேய்த்துக் கொன்றுவிடுகிறார். தொட்டுப் பாருங்கள், மாவுப்பூச்சி பெரும்பாலும் அசையாமல் கிடக்கும், இது விறுவிறுவென்று ஓடும்.

பப்பாளி மாவுப்பூச்சிக்கு இந்தச் செலவுகூட வேண்டாம். 2008-ல் கோவையில் அது தலைகாட்டிப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளியை நாசமாக்கியபோது, 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதைக் கொல்லும் அசிரோஃபேகஸ் பப்பாயே குளவியை வரவழைத்துப் பரப்பினார்கள். மருந்தடித்துக் கெடுக்காமல் இருந்தால் அந்தக் குளவி தானாகவே தோட்டத்துக்கு வரும்.

சிலவற்றை வாங்கவே வேண்டாம். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு விதைக்கும் கன்றுக்கும் இறக்குமதி அனுமதியும் பயிர் நலச் சான்றும் தேவை. நீலகிரியிலிருந்து மண்ணோடு கிழங்கு வரவழைக்காதீர்கள்; 1961-ல் அங்கே கண்டறியப்பட்ட உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு (வேரைத் தாக்கும் நுண்புழு) மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். வாழைக்கன்று வாங்கினால் முடிக்கொத்து நோய் (வைரஸால் இலைகள் குறுகி உச்சியில் கொத்தாகிவிடும் நோய்) இல்லாத தாய்த்தோப்பா என்று கேளுங்கள். பக்கக்கன்று வழியாகவே அந்த நோய் ஊர் ஊராகப் போகிறது. திசு வளர்ப்புக் கன்றென்றால் வைரஸ் சோதனை செய்த சான்றைக் கேட்கலாம்.

கண்ணுக்குத் தெரியாமல் பார்சலில் வரும் இன்னொன்று ஆப்பிரிக்க ராட்சத நத்தை. மண்ணைக் கிளறும்போது வெளிர்மஞ்சளில், ஜவ்வரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, கெட்டியான ஓட்டோடு கொத்துக் கொத்தாக முட்டை தென்பட்டால் தொட்டியில் உதறாதீர்கள், உப்புத் தண்ணீரில் போடுங்கள். எந்தச் செடி வந்தாலும் மற்ற தொட்டிகளிலிருந்து தள்ளி, இரண்டு வாரம் தனி மூலையில் இருக்கட்டும். அந்தத் தொட்டித் தண்ணீர் வழிந்து பக்கத்துத் தொட்டிக்குப் போகாதபடி கீழே ஒரு தட்டும் வையுங்கள்.