லத்தீன் பழமொழி: வாய்விட்டுப் படியுங்கள், பிறகு பிரித்துப் போடுங்கள்

லத்தீன் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு பட்டியலோடு வருகிறார்கள். கார்ப்பே டீயம் (இன்றைய நாளைப் பற்றிக்கொள்), வெனி விடி விசி (வந்தேன், கண்டேன், வென்றேன்), டெம்பஸ் ஃப்யூஜிட் (காலம் ஓடுகிறது) என்று முப்பது நாற்பது வாக்கியங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே பொருள். ஆறு மாதம் கழித்தும் அந்தப் பட்டியலுக்கு வெளியே உள்ள ஒரு வரியைக்கூட அவர்களால் படிக்க முடிவதில்லை.

குறை பழமொழிகளில் இல்லை. சின்னச் சின்ன வாக்கியங்களால் லத்தீன் புகட்டுவது ஐரோப்பியப் பள்ளிகளில் பல நூற்றாண்டுகளாக இருந்த வழக்கம். ரோமானிய அறிஞர் கேட்டோவின் பெயரில் வழங்கிய நீதித் தொகுப்பு இடைக்காலம் முழுவதும் பாடநூலாக இருந்தது. அதன் முகப்பில் "பரென்தேஸ் அமா" (பெற்றோரை நேசி), "லிப்ரோஸ் லெகெ" (நூல்களைப் படி) என்று ஆத்திசூடி அளவிலேயே வரிகள் வருகின்றன. டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1500இல் எண்ணூறு சொச்சம் பழமொழிகளோடு வெளியிட்ட தொகுப்பு, 1536இல் அவர் இறக்கும்போது நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. ஆனால் அந்தக் காலத்து மாணவன் வரியை ஒப்பித்ததோடு விட்டுவிடவில்லை. ஒவ்வொரு சொல்லும் என்ன வேற்றுமை, என்ன காலம், என்ன எண் என்று பிரித்தும் காட்ட வேண்டியிருந்தது. இன்று பட்டியல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஓசையும் போய்விட்டது, பிரிப்பும் போய்விட்டது.

முதலில் ஓசை. லத்தீனில் ஐந்து உயிர்கள். ஒவ்வொன்றுக்கும் குறிலும் நெடிலும் உண்டு. அ ஆ, இ ஈ, உ ஊ, எ ஏ, ஒ ஓ என்று தமிழ் உயிர்களோடு அப்படியே பொருந்தும். எ–ஏ, ஒ–ஓ வேறுபாட்டை எழுத்திலேயே காட்டாத மொழிகளைப் பேசுகிறவர்கள் இதில் மாதக்கணக்கில் தடுமாறுவார்கள். தமிழ்க் காதுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஆனாலும் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள், காரணம் ஆங்கிலம். ரோமன் எழுத்தைக் கண்டதும் ஆங்கில உச்சரிப்பு நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. குறில் நெடில் உணர்வு காணாமல் போகிறது.

அளவு மாறினால் பொருள் மாறும். "ஃபுகித்" என்றால் ஓடுகிறது; "ஃபூகித்" என்றால் ஓடியது. "வெனித்" வருகிறான், "வேனித்" வந்தான். "லெகித்" படிக்கிறான், "லேகித்" படித்தான். "மலும்" தீமை, "மாலும்" ஆப்பிள். "ஒஸ்" எலும்பு, "ஓஸ்" வாய். சொல்லின் கடைசி உயிர் இன்னும் முக்கியம், ஏனென்றால் வேற்றுமை உருபு அங்கேதான் இருக்கிறது. "புவெல்ல" என்று குறிலில் முடிந்தால் சிறுமி எழுவாய். "புவெல்லா" என்று நீண்டால் சிறுமியால், சிறுமியிடமிருந்து என்ற வேற்றுமை. அலுவலகக் கடிதங்களில் வரும் "போனஃபைட்" உண்மையில் "பொனா ஃபிதே": இரண்டு சொல்லும் நெடிலில் முடிகின்றன, இரண்டும் ஒரே வேற்றுமை, பொருள் நல்லெண்ணத்தோடு. ஆங்கில வாயில் நான்கு அசை மூன்றாகச் சுருங்கும்போது உருபுகள் இரண்டும் தேய்ந்துவிடுகின்றன.

இந்த நெடில்களைப் பாடநூல்கள் உயிரெழுத்தின் மேல் ஒரு கோடு போட்டுக் காட்டும். சாதாரண அச்சில், இணையத்தில் சுற்றும் மேற்கோள்களில், அந்தக் கோடு இருக்காது. கோடில்லாத வரியை மனப்பாடம் செய்யாதீர்கள். நல்ல அகராதியில் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துக் கோடு போட்ட பிறகே வாயில் எடுங்கள். தவறான அளவோடு பதிந்ததைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

இனி, தமிழ் நாக்கு செய்யும் குறும்புகள். இவை எல்லாருக்கும் வரும்.

தமிழில் மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் இளகும். அதனால் "தெம்புஸ்" என்பதைத் தமிழில் எழுதிப் படித்தால் நடுவில் உள்ள பகரம் 'அம்பு' என்பதன் பகரத்தைப் போலத் தடித்து ஒலிக்கும். லத்தீனில் அது 'பல்' என்பதன் பகரம். இரண்டு உயிர்களுக்கு இடையிலும் இதே கதை: 'நண்பன்' என்ற பொருளுள்ள "அமீகுஸ்" என்பதில் ககரம் 'கல்' போல ஒலிக்க வேண்டும், 'மகன்' போல அல்ல. இரட்டிக்கவும் கூடாது, ஏனென்றால் லத்தீனில் இரட்டித்த மெய் தனி. தமிழ் எழுத்து இதைக் காட்டாது. ஆகவே தமிழ் ஒலிபெயர்ப்பை (இந்தக் கட்டுரையில் உள்ளதையும் சேர்த்துத்தான்) முதல் வாரத்துக்கு மட்டும் ஊன்றுகோலாக வைத்துக்கொண்டு, ரோமன் எழுத்துக்கு மாறிவிடுங்கள்.

அடுத்தது, ஈற்றில் தானாக ஒட்டிக்கொள்ளும் உகரம். 'உம்' என்ற பொருளுள்ள "எத்" என்ற சொல் "எட்டு" ஆகிவிடும். "எஸ்த்" என்பது "எஸ்ட்டு" ஆகும். இதில் இரண்டு பிழைகள் சேர்ந்திருக்கின்றன: ஒட்டிய உகரம் ஒன்று, நாக்கு மடிந்த டகரம் மற்றொன்று. லத்தீன் தகரம் பல்லில் படுவது. சொல் முதலில் வரும் எகரத்துக்கு முன் யகரம் நுழைவதும் ("எகோ" என்பது "யெகோ" ஆவது), ஸ்ப, ஸ்க போன்ற கூட்டுக்கு முன் இகரம் நுழைவதும் ("ஸ்பேரோ" என்பது "இஸ்பேரோ" ஆவது) அடிக்கடி காதில் விழுபவை. கூடுதலாக ஓர் அசை சேர்ந்தால் செய்யுள் வரியின் தாளம் உடனே உடையும், அங்கே பிழை தானே தெரிந்துவிடும். உரைநடையில் அது ஒளிந்துகொள்ளும்.

நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. பேச்சுத் தமிழில் 'மரம்' என்பதை உதடு மூடாமல் மூக்கொலியாக முடிக்கிறோமே, செவ்வியல் லத்தீனின் ஈற்று மகரமும் ஏறக்குறைய அப்படித்தான். "மனும்", "கனெம்" போன்றவற்றில் மகரத்தை அழுத்தி மூட வேண்டியதில்லை. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் அந்த ஈறே கரைந்துபோகும். கவிஞர்கள் அதை அசைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அழுத்தத்துக்கு ஒரே விதி. இரண்டசைச் சொல்லில் முதல் அசை. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால், கடைசிக்கு முந்தைய அசை நெடிலாகவோ ஒற்றால் அடைபட்டதாகவோ இருந்தால் அழுத்தம் அங்கே. இல்லாவிட்டால் அதற்கும் முந்தைய அசையில். "அமீகுஸ்" என்பதில் மீ. "மகிஸ்தெர்" என்பதில் கிஸ். "ஃபகிலிஸ்" என்பதில் முதல் அசை. அழுத்தம் கொடுக்கும்போது குறிலை நீட்டிவிடாதீர்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மேசையில் விரலால் தட்டிப் படித்தால் இது மூன்று நாளில் பிடிபடும்.

எந்த உச்சரிப்பு என்ற கேள்வி கட்டாயம் வரும். செவ்வியல் முறையில் சீசரின் வரி "வேனீ வீதீ வீகீ". திருச்சபை முறையில் கடைசிச் சொல் "வீச்சி" போல ஒலிக்கும். திருச்சபைப் பாடல்களுக்காகக் கற்பவர் பின்னதை எடுக்கலாம், பழங்காலக் கவிதைக்காகக் கற்பவர் முன்னதை எடுக்கலாம். இரண்டும் சரி, கலப்பதுதான் தவறு. சட்டம், மருத்துவம் சார்ந்தவர்கள் தங்கள் துறையில் புழங்கும் ஆங்கில உச்சரிப்பைத் தொழிலுக்கு வைத்துக்கொண்டு, படிப்புக்கு இதில் ஒன்றைத் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஒரு பழமொழியை எடுத்து வேலை செய்வோம்: "மனுஸ் மனும் லவத்". கை கையைக் கழுவும். ரோமானிய எழுத்தாளர்களான செனெக்காவிலும் பெத்ரோனியஸிலும் வருகிறது. மூன்று சொல், ஆறு அசை, எல்லாம் குறில். தொடங்குவதற்கு இதைவிடத் தோதானது இல்லை.

தட்டிக்கொண்டே மெதுவாக மூன்று முறை, பிறகு இயல்பான வேகத்தில் ஐந்து முறை படியுங்கள். அறையின் மறுகோடியில் இருப்பவருக்குக் கேட்கும் குரல் வேண்டும். (மனனம் செய்ய முணுமுணுக்கும் குரலே போதும் என்றார் ரோமானியப் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்திலியன், அது சரியாகச் சொல்லத் தெரிந்த பிறகு.) கடைசி முறையை மொபைலில் பதிவு செய்து கேளுங்கள். ஈற்றில் உகரம் ஒட்டியதா, வல்லினம் இளகியதா, கடைசி உயிரின் அளவு சரியா: இந்த மூன்றை மட்டும் கவனித்தால் போதும்.

பிறகு பிரிப்பு. "மனுஸ்" எழுவாய், "மனும்" செயப்படுபொருள், "லவத்" படர்க்கை ஒருமை நிகழ்காலம். ஆங்கிலத்தின் வழியாகப் போனால் சொற்களை முன்னும் பின்னும் மாற்ற வேண்டும். தமிழில் வேண்டாம்: கை, கையை, கழுவும். உருபு சொல்லின் ஈற்றில், வினை வாக்கியத்தின் ஈற்றில். இந்த நேர்வழியைப் பலர் பயன்படுத்துவதே இல்லை.

இதற்குப் பிறகுதான் உண்மையான படிப்பு. வாக்கியத்தை உடையுங்கள். "மனும் மனுஸ் லவத்" என்று மாற்றிச் சொல்லுங்கள், பொருள் மாறாது. நாயை உள்ளே கொண்டுவாருங்கள்: "கனிஸ் மனும் லவத்", நாய் கையைக் கழுவுகிறது, "மனுஸ் கனெம் லவத்", கை நாயைக் கழுவுகிறது. தன்மைக்கு வாருங்கள்: "மனூஸ் லவோ", கைகளைக் கழுவுகிறேன். 'கைகள்' என்பதற்கும் 'கைகளை' என்பதற்கும் "மனூஸ்" என்ற ஒரே வடிவம்தான், ஒருமை எழுவாயிலிருந்து அதைப் பிரிப்பது ஊகாரம் மட்டுமே. இப்படி ஆறு வாக்கியங்களாவது வாயால் சொல்லி, பிறகு நோட்டில் பார்க்காமல் எழுதுங்கள். ஒரு பழமொழிக்கு மொத்தம் பதினைந்து நிமிடம். வாரத்துக்கு நான்கு புதியவை போதும்; மற்ற மூன்று நாளும் பழையவை. நாளுக்கொன்று என்று தொடங்குகிறவர்கள் மூன்றாம் வாரத்தில் உடைக்கும் வேலையைக் கைவிட்டு, மறுபடியும் பட்டியலுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

வரிசையும் முக்கியம். புகழ்பெற்றவை எல்லாம் எளியவை அல்ல. "தெம்புஸ் ஃபுகித்", எரிமலையில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பெயின் வாசல் தரையில் பதித்திருக்கும் "கவே கனெம்" (நாய், ஜாக்கிரதை), "கர்பெ தியெம்", "ஃபெஸ்தீனா லென்தே" (மெல்ல விரை) ஆகியவை முதல் வாரத்துக்கு. அதன்பின் "குத்த கவத் லபிதெம்" (துளி கல்லைக் குடையும்), பன்மைக்கு "வெர்ப வொலன்த், ஸ்க்ரீப்த மனென்த்" (பேச்சு பறக்கும், எழுத்து நிற்கும்). நான்காம் வேற்றுமைக்கு "ஹொமோ ஹொமினீ லுபுஸ்" (மனிதன் மனிதனுக்கு ஓநாய்). இங்கே "எஸ்த்" தொக்கி நிற்கிறது. அதைச் சேர்த்தும் நீக்கியும் சொல்லிப் பாருங்கள். பெயரடை பெயரோடு இயைவதைக் காட்ட "மேன்ஸ் ஸான இன் கொர்பொரெ ஸானோ". இதை "மேன்ஸ் ஸான", "இன் கொர்பொரெ ஸானோ" என்று இரண்டு மூச்சாகப் படிக்க வேண்டும். "இன்" என்ற சொல்லுக்குப் பின் நிறுத்துவது பெரும்பிழை. "கவெயத் ஏம்ப்தொர்" (வாங்குபவர் எச்சரிக்கையாக இருக்கட்டும்) போன்ற வியங்கோள் வடிவங்களை மூன்றாம் மாதம் வரை தொடாதீர்கள்.

பழமொழி எங்கிருந்து வெட்டப்பட்டது என்றும் பாருங்கள். மேலே சொன்ன "மேன்ஸ் ஸான" ரோமானியக் கவிஞர் யுவெனலின் பத்தாம் அங்கதப் பாட்டில், நல்ல உடலில் நல்ல மனம் வேண்டும் என்று இறைஞ்சச் சொல்லும் வாக்கியத்தின் துண்டு. உடற்பயிற்சி விளம்பரம் அல்ல. பள்ளி முகப்புகளில் காணும் "பள்ளிக்காக அல்ல, வாழ்வுக்காகக் கற்கிறோம்" என்ற வரி, செனெக்காவின் 106ஆம் கடிதத்தில் தலைகீழாக இருக்கிறது: வாழ்வுக்காக அல்ல, பள்ளிக்காகத்தான் கற்கிறோம் என்று அவர் நொந்துகொள்கிறார். பச்சை குத்திக்கொள்ள நினைப்பவர்கள் மூலத்தைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

அறுபது பழமொழிகளில் இந்த வழி தேய்ந்துவிடும். பழமொழிகளில் நிகழ்காலப் படர்க்கையும் ஏவலும்தான் மிகுதி. இறந்தகாலத் தொடர்கதை, ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்லும் வாக்கியம், நீண்ட துணைவாக்கியம் ஆகியவை அநேகமாக வராது. சொற்களும் வெட்டிச் சுருக்கி நிற்பவை. அந்தக் கட்டத்தில் தொடர் உரைக்கு மாறுங்கள். ஹீரோனிமுஸ் (புனித ஜெரோம்) மொழிபெயர்த்த விவிலியத்தின் ஆதியாகமம் நல்ல பாலம்: "இன் ப்ரீன்கிபியோ க்ரெயாவித் தெயுஸ் கைலும் எத் தெர்ரம்". வாக்கியங்கள் குட்டையாக இருக்கும், "எத்" என்ற சொல் அவற்றைக் கோத்துக்கொண்டே போகும், கதை ஏற்கெனவே தெரிந்தது. முதல் ஐந்து வசனங்களைப் பழமொழிக்குச் செய்தது போலவே கோடு போட்டு, தட்டி, பிரித்துப் படியுங்கள். ஆறாவது வசனத்திலிருந்து பிரிப்பதை நிறுத்திவிட்டு, ஒரு பத்தியை இடைநிற்காமல் வாய்விட்டு வாசித்து, புரியாத சொல்லுக்கு அடியில் பென்சிலால் கோடு மட்டும் போட்டுக்கொண்டு போங்கள். அகராதியை இரண்டாம் வாசிப்பில் திறந்தால் போதும்.