ஸ்மார்ட் நகரத்துக்காக வீட்டைக் கேட்டால்: சாவியைக் கொடுக்குமுன்

ஸ்மார்ட் நகரம் என்றால் முன்பு கெமராவும் சென்சரும்தான். இப்போது ஆய்வாளர்கள் முதலில் பேசுவது அங்கே குடியிருக்கும் மக்களைப் பற்றி. 2016 ஜனவரியில் வெளியான மேல் மாகாணப் பெருநகரத் திட்டத்திலும் அந்தச் சொல் உண்டு. கொழும்பின் தோட்டத்துச் சனத்துக்கோ, அதாவது நகரத்துக்குள் நெருக்கமான சிறு வீடுகளில் குடியிருப்பவர்களுக்கோ, அபிவிருத்தி என்பது கணக்கெடுக்க வருபவராகவும், பிறகு வீட்டை விடச் சொல்லும் கடிதமாகவும்தான் வந்து சேர்கிறது.

பலர் ஏமாறுவது கணக்கெடுப்பு நாளில்தான். தாய் தகப்பன், கல்யாணம் கட்டிய மகன், மகள் என்று மூன்று அடுப்பு எரியும் வீட்டை ஒரே கதவு இலக்கமாகப் பதிந்துவிட்டால், பெரும்பாலும் ஒரே மாடிவீடுதான் கிடைக்கும். ஆரம்பத்தில் கொடுத்தவை 400 சதுர அடி. மூன்று குடும்பம் அதற்குள் எப்படிப் படுப்பது? ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாக்காளர் இடாப்புப் பிரதி, கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், விவாகப் பதிவு ஆகியவற்றைத் தனித்தனியாக எடுத்து வையுங்கள். படிவத்தை வாசித்துக் காட்டச் சொல்லி, கையெழுத்துப் போடுமுன் போனில் படம் எடுங்கள்.

காணி உறுதி (சொத்துப் பத்திரம்) வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உறுதி உள்ளவர்களையும், காலம் காலமாக மாநகர சபைக்குச் சோலைவரி (வீட்டு வரி) கட்டியவர்களையும் "அனுமதியற்ற குடியிருப்பாளர்" என்ற ஒரே பெயருக்குள் தள்ளியிருக்கிறார்கள். அந்தச் சொல் உள்ள எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள். 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டப்படி, காணி தேவைப்படுகிறது என்று சொல்லும் 2ஆம் பிரிவு அறிவித்தல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒட்டப்பட வேண்டும். நட்டஈடு கோரச் சொல்லும் 7ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால், அதிலுள்ள திகதிக்குள் நட்டஈட்டுக் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள்.

மாடிவீடு இலவசம் என்று நினைத்துப் போனவர்கள் பலர். முன்பு குடியேற்றப்பட்ட பலருக்கு மாதம் 3,960 ரூபாய் வீதம் 20 வருடத் தவணை விழுந்தது. அதாவது 240 பற்றுச்சீட்டுகள். மை மங்கிப்போகும், போட்டோப் பிரதி எடுத்து வையுங்கள். பராமரிப்புப் பணம் எவ்வளவு, உறுதி எப்போது, யார் பெயரில் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அது சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழில் கேளுங்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தரும் உரிமை அது, யாரும் செய்யும் தயவல்ல. "கையெழுத்தைப் போடுங்க, பிறகு தாறோம்" என்றால் போட வேண்டாம்.

நகர அபிவிருத்தி அதிகார சபைக்குப் போனால் பிரதேச செயலகம் என்பார்கள், அங்கே போனால் மாநகர சபை என்பார்கள். ஒரு நாள் கூலி போய்விடும். அலைவதை விட்டு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் "என் வீட்டுக்கான கணக்கெடுப்புப் படிவத்தின் பிரதி" என்று எழுதிக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

முதலாம் வகுப்பில் சேர்க்கப் பிள்ளை இருந்தால், பாடசாலை அனுமதியில் வதிவிடத்துக்குக் கொடுக்கும் புள்ளிக்கு வாக்காளர் பதிவைப் பார்க்கிறார்கள். பழைய முகவரியின் இடாப்புப் பிரதிகளை எறிந்துவிடாதீர்கள்.

அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான். "அடுத்த கிழமை வாங்க" என்பதை நாலு தடவை கேட்டால் அந்த மாதம் போய்விடும். அதே மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கம் எழுதிய துண்டு கையில் இல்லாமல் அங்கிருந்து வெளியே வராதீர்கள்.