நீளத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

வாடைக்காற்று தொடங்குமுன் முல்லைத்தீவுக் கரையில் என்னிடம் சுழியோடப் பழக வந்த தம்பி ஒருவர், தம் உயரத்தில் பாதி இருந்த கால் துடுப்புகளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

"அண்ணை, ஒரே உதையில் தூரம் போகலாம் என்று கடையில் சொன்னார்கள்."

சொன்னதில் பொய்யில்லை. ஆனால் அது சிலிண்டரில்லாமல் மூச்சடக்கிக் குளிப்பவருக்கான துடுப்பு. காற்றுச் சிலிண்டரும் மிதவைச் சட்டையுமாக இறங்குபவர் நீரை எதிர்த்துத் தள்ளவேண்டிய பாரம் அதிகம். பழகாத கால் தாங்காது. 8 மீற்றர் ஆழத்தில் தம்பிக்குக் கெண்டைக்கால் குறண்டிக்கொண்டது. துடுப்பின் நுனியைப் பிடித்து அவரது முழங்காலை நீட்டி, பாதத்தை மேல்நோக்கி மடக்கிவிட்டேன், வலி விட்டது. அவரது காற்று மானியைப் பார்த்தால், என்னுடையதைவிட வெகுவாக இறங்கியிருந்தது. கால் பாடுபட்டால் மூச்சு வாங்கும். 10 மீற்றர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும், நீருக்கு மேலே இழுப்பதைப்போல் இரு மடங்கு காற்று போகிறது.

துடுப்பில்லாமலே மன்னார்ப் பக்கம் அரிப்பிலும் சிலாவத்துறையிலும் முத்துக் குளித்தார்களே என்று சிலர் கேட்பார்கள். அவர்களைக் கல் இறக்கியது, கயிறு ஏற்றியது. நமக்கு இரண்டும் இல்லை.

படகிலிருந்து மட்டும் இறங்குபவருக்கு வெறுங்காலில் மாட்டும் முழுப்பாத வகை போதும், விலையும் குறைவு. கரையிலிருந்து நடந்து இறங்குபவருக்குக் குதி திறந்த வகைதான் என் தெரிவு. அதற்கு உள்ளே அணியும் இறப்பர்ச் சப்பாத்தை முதலில் வாங்குங்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் துடுப்பின் அளவு பார்க்க வேண்டும். வெறுங்காலில் பார்த்து வாங்கிவிட்டுச் சப்பாத்து நுழையாமல் திரும்பி வந்தவர்கள் பலர். விரல்கள் அசைய வேண்டும், ஆனால் காலை உதறினால் துடுப்பு ஆடக்கூடாது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் 10 நிமிடம் மாட்டியபடியே உட்கார்ந்திருங்கள். பாதத்தின் மேற்புறம் எங்கே உறுத்துகிறதோ, கடலிலும் அங்கேதான் புண்ணாகும்.

துடுப்பின் தகடு, கையால் வளைத்தால் வளைந்து, விட்டதும் நிமிர வேண்டும். குதியைப் பிடிக்கும் வார் இறப்பரானால் வெயிலில் வெடிக்கும். சுருள்கம்பி வார் சற்று விலை கூட, ஆனால் அலைக்குள் நின்று மாட்டும்போது அதன் அருமை தெரியும். மாட்டியபின் முன்னோக்கி நடக்காதீர்கள், பின்புறமாக நடந்து இறங்குங்கள்.

அந்தத் தம்பி இப்போது என் பழைய சோடியோடு இறங்குகிறார். நீளத் துடுப்பை விற்கப் பார்க்கிறார். வாங்க வருகிறவர் மூச்சடக்கிக் குளிப்பவர்தானா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.