கொய்யாவுக்கு இடையில் பீன்ஸ்: விதைக்கும் முன் வேரைப் பாருங்கள்

"கொய்யாக் கன்று வைத்திருக்கிறேன். நன்றாகக் காய்க்க இன்னும் இரண்டு வருடம் ஆகும். அதுவரை இடையில் பீன்ஸ் போடலாமா?" தோட்டக்கலை ஆலோசகனாக, பழனி, ஆயக்குடி, ஒட்டன்சத்திரம் பகுதி விவசாயிகளிடமிருந்து நான் அதிகம் எதிர்கொள்ளும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். 6 மீட்டர் இடைவெளியில் நட்ட கன்றுகளுக்கு நடுவே நிலம் சும்மா கிடக்கிறது. காய்ப்புக்கு முந்தைய காலத்தில் பயறு வகைகளையும் குறுகிய காலக் காய்கறிகளையும் ஊடுபயிராக இடலாம் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பரிந்துரைக்கிறது. ஆனாலும் "போடுங்கள்" என்று நான் உடனே சொல்வதில்லை. இந்த இரண்டு பயிர்களும் வெயிலிலும் தண்ணீரிலும் உப்பிலும் எதிரெதிர்க் குணம் கொண்டவை. ஒத்துப்போகும் ஓர் இடம் உண்டு; ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

திண்டுக்கல் மாவட்டத்திலேயே இரண்டும் விளைகின்றன. கொய்யா பழனி அடிவாரத்துச் சமவெளியில். பீன்ஸ், குளிர்ந்த கொடைக்கானல் மலைச்சரிவுகளில். கொய்யா சித்திரை வெயிலையும் தாங்கி நிற்கும். பீன்ஸுக்கு 15 முதல் 25 பாகை செல்சியஸ்தான் பிடித்த வெப்பம். 30 பாகையைத் தாண்டினால் பூ உதிரத் தொடங்கும். செடி பச்சையாக நிற்கும், காய் இருக்காது. எனவே சமவெளியில் பீன்ஸ் போட விரும்புவோர் அக்டோபர், நவம்பரில் விதைத்து, பூப்பும் காய்ப்பும் மார்கழி, தை மாதங்களில் அமையும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அர்க்கா கோமல் போன்ற குத்துச்செடி ரகமே போதும். மாசியில் விதை வாங்கி வைத்துக்கொண்டு யோசனை கேட்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் விஷயம் இன்னும் நுணுக்கமானது. பீன்ஸின் வேர்களில் பெரும்பகுதி மேல் மண்ணில், ஓர் அடி ஆழத்துக்குள்தான் இருக்கும். பூக்கும் நேரத்திலும் காய் பிடிக்கும் நேரத்திலும் அந்த ஓரடி மண் காய்ந்துவிடக் கூடாது. அதற்காகத் தேக்கியும் வைக்க முடியாது, வேர் அழுகிவிடும். பார் பிடித்து, அளவாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். கொய்யா அப்படியில்லை. புதுத் துளிரில்தான் அது பூக்கும். காய்ப்புக்கு வந்த மரத்தில் ஒருசேரப் பூ வேண்டுமென்றால், சில வாரங்கள் தண்ணீரை நிறுத்தி வாடவிட்டு, கவாத்து செய்து (கிளைகளை வெட்டிவிட்டு), உரமிட்டு, பிறகு நீர் பாய்ச்சுவது வழக்கம். பீன்ஸ் பாத்தி ஈரமாக இருக்கும்வரை அந்த மரம் எப்படி வாடும்? முதல் இரண்டு ஆண்டுகளில் இந்தச் சிக்கல் கிடையாது, ஏனென்றால் கன்றை யாரும் வாடவிடுவதில்லை. இடைவெளி இன்னும் இருக்கிறதே என்று மூன்றாம், நான்காம் ஆண்டிலும் பீன்ஸைத் தொடர்கிறவர்கள்தான் பூ குறைந்த பிறகு நுண்ணூட்டத்தைத் தேடி அலைகிறார்கள். சொட்டுநீர் போட்டிருப்பவர்கள் மரத்துக்கும் ஊடுபயிருக்கும் தனித்தனி வால்வு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே குழாயில் இரண்டையும் நனைப்பது இரண்டுக்கும் கேடு.

ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருப்போர் நீர்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. பீன்ஸ் உப்பை மிகக் குறைவாகத் தாங்கும் காய்கறிகளில் ஒன்று. உப்பின் அளவைக் காட்டும் மண்சாற்றின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 1 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே விளைச்சல் சரியத் தொடங்கும். கொய்யா அந்த அளவைப் பொருட்படுத்தாது. களர் நிலத்தில்கூடச் சமாளித்து வளரும். மரம் செழிப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டு "நம் தண்ணீர் நல்ல தண்ணீர்தான்" என்று முடிவு செய்வது இதனால்தான் தவறாகிறது.

உரத்தைப் பற்றி ஒரு நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது: பீன்ஸ் பயறு இனம், காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்து மண்ணில் சேர்த்துவிடும், கொய்யாவுக்கு உரச்செலவு மிச்சம். உளுந்துக்கும் தட்டைப்பயறுக்கும் இது ஓரளவு பொருந்தும். பீன்ஸ் அந்தக் குடும்பத்திலேயே தழைச்சத்தை நிலைநிறுத்துவதில் பின்தங்கியது. அதனால்தான் ஹெக்டேருக்கு 90 கிலோ தழைச்சத்தும் 125 கிலோ மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) அதற்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. வளர்ந்த கொய்யா மரத்துக்கு 50 கிலோ தொழுவுரத்துடன் தழை, மணி, சாம்பல் சத்துகள் தலா 1 கிலோ, மார்ச்சிலும் அக்டோபரிலும் பிரித்து இட வேண்டும். இந்தக் கணக்கிலிருந்து பீன்ஸின் பேரைச் சொல்லி எதையும் கழிக்காதீர்கள்.

இனி நான் உண்மையில் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன்: வேர்முடிச்சு நூற்புழு. மண்ணிலிருந்து வேருக்குள் புகுந்து அதை வீங்கவைக்கும் மிக நுண்ணிய புழு இது. கொய்யாவை அழிக்கும் மெலாய்டோகைனி என்டரோலோபி என்ற இனம் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது தமிழ்நாட்டுக் கொய்யாவில்தான், 2016-இல். இலை செம்பழுப்பாகி ஓரம் கருகும், சிறுத்துப்போகும், உதிரும்; காய் திரளாது; கடைசியில் மரமே பட்டுப்போகும். இலையைப் பார்த்துச் சத்துக் குறைபாடு என்று நினைத்துத் தெளிப்பு மேல் தெளிப்பாகச் செலவு செய்த தோட்டங்களில், வேரைத் தோண்டிப் பார்த்தால் அது வீங்கி, புடைத்து, மஞ்சள் கிழங்கு போலக் கிடக்கும். பெரும்பாலும் நாற்றங்கால் கன்றின் மண்கட்டியோடு வந்து சேரும் நோய் இது.

இரண்டு பயிரும் ஒத்துப்போகும் இடம் இதுதான்: பீன்ஸும் அதே நூற்புழுவுக்கு விருந்து வைக்கும் பயிர். சூடான மண்ணில் இந்தப் புழு ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறையை முடித்துவிடும். ஒவ்வொரு பெண் புழுவும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மூன்று மாதம் நிற்கும் பீன்ஸ், கன்றின் இளவேருக்குப் பக்கத்திலேயே இரண்டு மூன்று தலைமுறைகளை வளர்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறது. கத்தரி, தக்காளி, வெண்டையும் இதில் பீன்ஸுக்குச் சளைத்தவை அல்ல.

பீன்ஸ் செடியைப் பிடுங்கி வேரில் உருண்டைகளைக் காட்டி, "பார்த்தீர்களா, நல்ல பாக்டீரியா!" என்று சிலர் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். விரலால் தள்ளிப் பாருங்கள். தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியாவின் உருண்டை வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், எளிதில் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழுவின் வீக்கம் வேரின் உடம்பிலேயே இருப்பது. வேரை அறுக்காமல் பிரிக்க முடியாது. இந்த ஒரு நிமிடச் சோதனை ஒரு தோட்டத்தையே காப்பாற்றக்கூடும்.

கொய்யா வேரில் வீக்கம் இல்லை, தண்ணீர் உப்பில்லை, ஐப்பசி மாதம் என்றால் தாராளமாகப் பீன்ஸ் போடுங்கள். கன்றைச் சுற்றி இரண்டடி விட்டுவிடுங்கள், பறித்து முடித்ததும் செடியை வேரோடு பிடுங்கி வெளியேற்றுங்கள். வீக்கம் இருந்தால் பீன்ஸை மறந்துவிட்டு, இந்தப் புழுவுக்கு இடம் கொடுக்காத செண்டுமல்லி நடுங்கள். நிலக்கோட்டைப் பூச்சந்தை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பூப் பறிக்க ஆளில்லை என்பவர்கள் பசுந்தாள் உரப் பயிரான சணப்பு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள்.

சந்தேகமாக இருந்தால் மாதிரி எடுத்து அனுப்புங்கள். மரத்தின் நிழல் விழும் விளிம்புக்குள், மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு அரையடி ஆழத்தில், நாலைந்து இடங்களில் ஈரமண்ணும் ஒரு பிடி நுண்வேரும் எடுக்க வேண்டும். மரம் செத்த இடத்தில் எடுக்காதீர்கள். அங்கே புழு குறைந்திருக்கும். வாடத் தொடங்கிய மரத்தடியில் எடுங்கள். பாலித்தீன் பையில் கட்டி, வெயில் படாமல், காயவிடாமல், அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ ஓரிரு நாளில் சேர்த்துவிடுங்கள். மண் காய்ந்தால் புழு இறந்துவிடும். அறிக்கையில் ஒன்றும் தெரியாது.