மனைவியின் பணப்பை யாருடையது?

பெண்ணியம் குடும்பத்தைக் குலைக்கவே தோன்றியதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அது தோன்றிய காலத்தில் குடும்பம் சட்டத்தின் பார்வையில் எவ்வாறு இயங்கியது என்பதைப் பார்த்தால்தான் இதற்கு விடை சொல்ல முடியும். 1792இல் ஆங்கில எழுத்தாளர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் பெண்கல்விக்காக எழுதியதும், 1848இல் அமெரிக்காவின் செனிகா ஃபால்ஸில் பெண்ணுரிமை மாநாடு கூடியதும் பலரும் அறிந்தவை. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் ‘கவர்ச்சர்’ என்ற கோட்பாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஒரே ஆள் என்பதும், அந்த ஆள் கணவனே என்பதும் அதன் சாரம். மற்றவை எல்லாம் இந்த ஒற்றை அனுமானத்திலிருந்து கிளைத்தன. தனி ஆளாக இல்லாதவளுக்குத் தனி உடைமை இருக்க முடியாது என்பதால், அவள் உழைத்து ஈட்டிய கூலியும் கணவனுக்கே போய்ச் சேர்ந்தது. அவள் தன் பெயரில் ஒப்பந்தம் செய்யவோ வழக்குத் தொடுக்கவோ இயலவில்லை. பெற்ற பிள்ளைகள் மீதும் தந்தைக்கே உரிமை இருந்தது. லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய மிலிசென்ட் ஃபாசெட்டின் பணப்பையைத் திருடியவன் பிடிபட்டபோது, அது அவருடைய கணவர் ஹென்றி ஃபாசெட்டின் உடைமை என்றே குற்றச்சாட்டில் எழுதப்பட்டது. ஹென்றியோ பெண்களின் வாக்குரிமையை ஆதரித்த நாடாளுமன்ற உறுப்பினர். கணவன் நல்லவனா கெட்டவனா என்று சட்டம் கேட்கவே இல்லை என்பதுதான் இதில் என்னை மிகவும் உலுக்குவது.

கணவன் கெட்டவனாக இருந்தால் என்ன நேரும் என்பதை எழுத்தாளர் கரோலின் நார்ட்டன் அனுபவித்தார். 1836இல் மணவாழ்வு முறிந்ததும் அவருடைய மூன்று மகன்களையும் கணவர் பிரித்துக்கொண்டார். கரோலின் விடாது எழுதிப் போராடியதன் பயனாக, 7 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளத் தாய்மார்கள் நீதிமன்றத்தை நாட 1839இல் சட்டம் வழிசெய்தது. ஆனால் அவருடைய பிள்ளைகள் அப்போது அச்சட்டம் செல்லாத ஸ்காட்லாந்தில் இருந்தார்கள். குடும்பத்தைக் குலைத்தது எது என்பதை வாசகரே முடிவு செய்யட்டும்.

இங்கிலாந்தில் புதிய சட்டங்களால் 1870இல் மனைவியின் கூலியும், 1882இல் அவளுடைய எல்லாச் சொத்தும் அவளுக்கே உரியவை ஆயின. அதே காலத்தில் பிறப்பு விகிதமும் சரியத் தொடங்கியது. ஆனால் கட்டாயக் கல்வியும் குழந்தை உழைப்பின் குறைவும் அதில் பங்குபெற்றதால், பெண்ணியத்தை மட்டும் காரணமாக்குவது சரியான ஆய்வாகாது. இன்னொரு விளைவு ஐயத்துக்கு இடமற்றது: தாயும் தனி ஆள் என்று ஆனபின், பெற்றோர் பிரியும்போது பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற கேள்விக்குத் தந்தையின் உரிமை மட்டுமே பதிலாக இருக்க முடியவில்லை. 1925ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தையின் நலனையே முதன்மையாகக் கருத வேண்டும் என்று நீதிமன்றங்களுக்கு விதித்தது.