எண்ணெய் விலைக்குக் காப்பீடு போட்ட கடிவாளம்

உக்ரைன் போரை அடுத்து, 2022 டிசம்பர் 5 முதல் ரஷ்யக் கச்சா எண்ணெய்க்கு ஜி7 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஆஸ்திரேலியாவும் விலை வரம்பு வைத்தன: பீப்பாய்க்கு 60 டாலர். விற்பது ரஷ்யா, வாங்குவது பெரும்பாலும் இந்தியாவும் சீனாவும். இவர்கள் யாரும் அந்த வரம்பில் சேரவில்லை. அப்படியிருக்க, மூன்றாம் ஆள் சொல்லும் விலை எப்படிச் செல்லும்?

பிடி கப்பல் காப்பீட்டில் இருக்கிறது. டேங்கரிலிருந்து எண்ணெய் கொட்டினால் கடலைச் சுத்தம் செய்யவும் மீனவர்களுக்கு இழப்பீடு தரவும் ஆகும் செலவை ஒரே முதலாளியால் தாங்க முடியாது. அதனால் கப்பல் உரிமையாளர்கள் ‘பி அண்ட் ஐ கிளப்’ என்ற சங்கங்களில் சேர்ந்து இழப்பைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இப்படி 12 கிளப்புகள் கொண்ட ஒரு குழுமம், கொள்ளளவுக் கணக்கில் உலகக் கப்பல்களில் சுமார் 90 சதவீதத்துக்குப் பாதுகாப்பு தருகிறது. எண்ணெய்க் கசிவுக்கு மட்டும் 100 கோடி டாலர் வரை. 2,000 டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் ஏற்றும் கப்பல், காப்பீடு இருக்கிறது என்று கிளப் தரும் ‘ப்ளூ கார்டை’க் காட்டித்தான் தன் கொடி நாட்டிடம், அதாவது தான் பதிவான நாட்டிடம், காப்பீட்டுச் சான்று வாங்கும். அந்தச் சான்று இல்லாமல் துறைமுகத்துக்குள் நுழைவதே கஷ்டம். கிளப்புகளில் பெரும்பாலானவை இருப்பது ஐரோப்பாவில்.

ரஷ்ய எண்ணெய்க் கப்பல்களுக்குக் காப்பீடே கூடாது என்றுதான் 2022 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்தது. அப்போது எண்ணெய் விலை 120 டாலரைத் தொட்டிருந்தது. ரஷ்ய எண்ணெய் சந்தைக்கு வராமல் போனால் விலை இன்னும் எகிறும் என்று அமெரிக்க நிதியமைச்சர் ஜேனட் யெலன் வாதிட்டார். எண்ணெய் வரட்டும், ரஷ்யாவின் வருமானம் குறையட்டும் என்று வந்ததுதான் இந்த வரம்பு. அதற்குள் விற்றால் காப்பீடு உண்டு, மீறினால் இல்லை.

சரி, விற்ற விலை காப்பீட்டாளருக்கு எப்படித் தெரியும்? பில் இருப்பது வணிகரிடம். அவர் கப்பல் உரிமையாளருக்கு உறுதிமொழி எழுதித் தருவார். உரிமையாளர் காப்பீட்டாளருக்கு எழுதித் தருவார். ஓட்டை இங்கேதான். வரம்பு எண்ணெய்க்கு மட்டும், கப்பல் வாடகை தனி. எண்ணெய்க்கு 59 டாலர் என்று எழுதிவிட்டு மீதியை வாடகையில் ஏற்றிவிடலாம். அதனால் 2023 டிசம்பரில், கேட்டால் வாடகையையும் மற்ற செலவுகளையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள்.

இந்தக் கடிவாளம் புதிதல்ல. 2012-ல் ஈரான் எண்ணெய்க்கு ஐரோப்பிய காப்பீடு நின்றபோது, சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் இந்தியக் கப்பல்களுக்குக் கைகொடுத்தது. மூன்றாம் தரப்பு இழப்புக்கு அது தர முடிந்தது 5 கோடி டாலர்தான். 100 கோடி எங்கே, 5 கோடி எங்கே!

இந்தக் கிளப்புகளுக்கு வெளியே ரஷ்யாவுக்காக ஓடும் ‘நிழல் கப்பல்’களில் அந்த 5 கோடிக்கும் உத்தரவாதம் இல்லை. பல பழைய கப்பல்கள். உரிமையாளர் யாரென்று தெரியாது, கொடி அடிக்கடி மாறும். ஒன்று உடைந்தால் நஷ்டம் முழுவதும் கரையோர மக்கள் தலையில். விலை வரம்பின் மிகப் பெரிய குறை இதுதான் என்பேன். ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பரில் வரம்பை 47.6 டாலராகக் குறைத்தது, அமெரிக்கா சேரவில்லை. வரம்பு இறங்க இறங்க, கிளப்பை விட்டு ஓடும் ஆசைதான் கூடும்.

2024 டிசம்பரில் டென்மார்க், பின்லாந்து, பிரிட்டன் உட்பட 6 நாடுகள், தங்கள் நீரிணைகளைக் கடக்கும் சந்தேகத்துக்குரிய டேங்கர்களிடம் காப்பீட்டுச் சான்று கேட்க ஒப்புக்கொண்டன. கேட்கலாம், பதில் தராத கப்பலைத் தடைப் பட்டியலில் சேர்க்கலாம். ஆனால் சர்வதேசக் கடல் சட்டப்படி வெறுமனே கடந்து போகும் கப்பலை, சான்று காட்டவில்லை என்பதற்காக மட்டும் நிறுத்திவைப்பது எளிதல்ல.